மட்டைக்குக் கீழே கிடந்தவர்கள்

நான் வேலை செய்த கலைக்கூடத்துக்கு மட்டை வெட்டும் மிஷின் வந்துவிட்டதாம். கம்பியூட்டரில் அளவைத் தட்டினால் போதுமாம், படத்தைச் சுற்றி வைக்கும் மட்டையின் நடுவில் ஜன்னலைத் தானே வெட்டித் தருமாம். அங்கே இன்னும் வேலையில் இருக்கும் ஒரு பிள்ளை போன் எடுத்து, "நீங்கள் கையால வெட்டின காலத்தைப் பற்றி எங்களுக்கு எழுதித் தாங்கோ அன்ரி" என்று கேட்டாள். கையால் வெட்டுவதில் பெரிய மகிமை ஒன்றும் இல்லை. முதுகு நோகும், விரல் மரத்துப்போகும். மிஷின் வந்தது நல்லதுதான். ஆனால் மிஷின் எந்த அளவைக் கொடுத்தாலும் வெட்டும். நான் ஒரு தடவை வெட்டமாட்டேன் என்று சொன்னேன். எழுதச் சொன்னால் அதைத்தான் எழுதுவேன், பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன். பிறகு ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. முருகன், மாதா, கல்யாணச் சோடி, பட்டமளிப்பு, எல்லாம் என் கையால் கண்ணாடிக்குள் போயின. கடை முதலாளி ஒரு போர்த்துக்கேயர். நகரத்துக்குள் இருந்த ஒரு கலைக்கூடத்தில் ஆள் தேடுகிறார்கள், உன் கை அங்கே இருக்க வேண்டிய கை என்று அவர்தான் என்னைத் துரத்திவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படித்தான் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த கடதாசி அறைக்கு வந்துசேர்ந்தேன்.

கடதாசி அறை என்றால் கடதாசியில் கீறிய படங்களைப் பாதுகாத்து, மட்டை போட்டு, மேலே சுவருக்கு அனுப்பும் இடம். அதன் பொறுப்பாளர் மார்கித். ஹங்கேரிக்காரி. இளம் வயதில் தன் நகரத்துத் தெருக்களுக்குள் யுத்த தாங்கிகள் வந்தபோது எல்லை கடந்து ஓடிவந்தவர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன்னைப் பற்றி அவர் வாய் திறந்தால் அன்றைக்கு மழை கொட்டும். வேலையைப் பற்றியும் அளவாகத்தான் பேசுவார்.

முதல் நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். மணிக்கூட்டையும் கழற்றினேன். மைப்பேனாவைப் பையிலிருந்து தானே எடுத்து வெளியே வைத்தார், அறைக்குள் பென்சில் மட்டும்தான். கடைசியில் என் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைக் காட்டினார்.

"அது என்ன?"

"கல்யாணம் கட்டியதற்கு அடையாளம்."

"கழற்ற முடியுமா?"

"முடியாது."

குனிந்து வேலை செய்கையில் கொடி தொங்கிப் படத்தில் உரசினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன். அவர் வாதாடவில்லை. மறுநாள் காலை கழுத்துவரை பொத்தான் வைத்த ஒரு பருத்தி மேலங்கி என் கதிரையில் கிடந்தது. தானே தைத்திருந்தார். "உள்ளே இருக்கட்டும். வெளியே வந்தால் படமும் போகும், நீயும் போவாய்" என்றார். மார்கித் எனக்குச் சொன்னவற்றுள் அன்பான வார்த்தைகள் அவைதான்.

வேலை முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. படத்துக்கு இரண்டு மட்டை. பின் மட்டையில் படத்தைத் தொங்கவிடுவோம். மெல்லிய ஜப்பானியக் கடதாசியைக் கத்தரிக்காமல் ஈரம் தொட்டுக் கிழித்து, கோதுமை மாப்பசை தடவி, படத்தின் முதுகில் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டவேண்டும். பசையைக் காய்ச்சுவதில் மார்கித்துக்கு என்னில் ஆரம்பத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. கூழ் காய்ச்சிப் பழகிய கைக்குக் கட்டி விழாமல் துழாவ யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முன் மட்டையில்தான் ஜன்னல் வெட்டுவது. பிளேட்டைச் சரிவாகப் பிடித்து, ஒரே மூச்சில் இழுக்கவேண்டும். இரண்டு வெட்டும் சந்திக்கும் மூலையில் பிளேட் மயிரளவு கூடப் போனாலும் வடு தெரியும். அப்படி நான் கெடுத்த மட்டைகளை மார்கித் ஒன்றும் சொல்லாமல் எடுத்து, கழிவுப் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும்படி நட்டுவைப்பார். அவர் ஒரு மட்டையைக் கெடுத்து நான் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. படத்தில் எது தெரியும், எது மட்டைக்கு அடியில் போகும் என்பதை அந்த அளவுதான் தீர்மானிக்கும். வழக்கமாக ஓவியர் கீறிய முழுவதும் தெரியும்படிதான் விடுவோம்.

சில வருடங்கள் போனபின், இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் ஜேர்மனியில் கீறப்பட்ட படங்களின் கண்காட்சி ஒன்று வந்தது. பெட்டி பெட்டியாக இறங்கின. பெரும்பாலும் மையும் பேனாவும். அந்த நாட்டில் முதலாவது போர் தோற்று, மன்னன் ஓடி, தெருவில் இறங்கிய தொழிலாளர்மேல் அரசே துப்பாக்கிக்காரரை ஏவிவிட்ட காலம். அதைக் கண்ணால் கண்ட ஓவியர்கள் சிலர் தளபதிகளையும் நீதிபதிகளையும் முதலாளிகளையும் பேனா முனையால் நார் நாராகக் கிழித்திருந்தார்கள். ஒரு படத்தில் நீதிபதி தராசுத் தட்டில் தன் தொப்பையைத் தூக்கி வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். கடதாசி அறையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். படையை அவமதித்தார்கள் என்று அவர்களில் சிலரை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், பிறகு வந்த சர்வாதிகார ஆட்சியில் படங்களைப் பறித்தார்கள், எரித்தார்கள் என்று மார்கித் சொன்னார். தப்பியவை எங்கள் மேசையில் கிடந்தன.

அவற்றில் ஒன்று உயரமான தாள். மேல்பாதியில் ஒரு விருந்து. வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. கழுத்தில் துவாய் கட்டிய ஒரு தளபதி, ஒரு நீதிபதி, ஒரு ஆலை முதலாளி, இன்னும் சிலர் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேசை விரிப்பு தாளின் நடுவரை தொங்குகிறது. அதற்குக் கீழே வீட்டு நிலம் இல்லை, தெரு. சுடப்பட்டவர்கள் கல் பாவிய தெருவில் சுவரோரமாகக் கிடக்கிறார்கள். விருந்தாளிகளின் சப்பாத்துகள் அவர்கள்மேல் இருக்கின்றன. கிடப்பவர்களில் ஒருவருடைய கை மட்டும் மேலே நீண்டு விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது.

அந்தப் படத்துக்கு மேலிருந்து வந்த ஜன்னல் அளவு தாளின் பாதிதான் இருந்தது. பிழையாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து மார்கித்திடம் போனேன். "அப்படித்தான் வந்திருக்கிறது" என்றார், தலை நிமிராமல். விரிப்பின் ஓரத்தோடு மட்டை மூடவேண்டுமாம்.

அன்று பின்னேரம் கலைக்கூடத்தின் இயக்குநரே கீழே வந்தார். நல்ல உடுப்பு, மெதுவான குரல், யாரையும் புண்படுத்தாமல் பேசுகிற மனிதர். கண்காட்சிக்குப் பணம் உதவிய குடும்பத்துக்கு அந்தக் கீழ்ப்பகுதி பிடிக்கவில்லை, பாடசாலைப் பிள்ளைகளும் வருவார்கள் என்றார். "படத்தை யாரும் வெட்டவில்லையே. மட்டைதான். முடிந்தபிறகு எடுத்துவிடலாம். மேல் பாதி தனியாகவே அருமையான நகைச்சுவை."

நகைச்சுவை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தலைக்குள் சூடேறிவிட்டது. கீழே கிடப்பவர்களை மூடிவிட்டால் மேலே இருப்பவர்கள் வெறும் குண்டு மனிதர்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களைப் பார்த்து யாரும் கோபப்படத் தேவையில்லை.

என் தம்பியைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். ரியூசனுக்குச் சைக்கிளில் போனவனை எங்கள் ஊர்ச் சந்தியில் வைத்து ஆமி சுட்டது. அவனோடு இன்னும் சிலர். ஒருவர் ஓடிவந்து படம் எடுத்தார். பேப்பரில் அந்தப் படம் வந்தபோது பூட்டிய கடைகளும் தந்திக் கம்பமும் வெறும் றோட்டும்தான் இருந்தன, நிலைமை அமைதி என்று அடியில் ஒரு வரி. தணிக்கையில் கீழ்ப்பாதி போய்விட்டது. தம்பி கிடந்தது கீழ்ப்பாதியில். அம்மா அந்தப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, படத்தின் அடிக்கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அதற்குக் கீழே அடுத்த செய்தி தொடங்கியிருந்தது.

இயக்குநரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்ல ஆங்கிலமும் காணாது. "நான் இதை வெட்டமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். அவர் மார்கித்தைப் பார்த்தார். மார்கித் என் முன்னால் கையை நீட்டினார். "பிளேட்டைத் தா."

கொடுத்தேன். அவர் என் கண்முன்னால் அளந்தார், கோடு போட்டார், இழுத்தார். மூலைகள் வழக்கம்போல வடு இல்லாமல் வந்தன. நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கோபத்தில் அழுதேன். அந்தக் கிழமை முழுவதும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் இதில் எதைப் பணயம் வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் என் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நிரந்தர வேலை இருந்தால்தான் அம்மாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணலாம். அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக, குண்டுச் சத்தத்துக்குள் இருந்தார். என் கணவர் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவருடைய வேலை இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை என்ற மாதிரி. விசயத்தைக் கேட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கென்ன விசரே? மாமி அங்க செல்லடிக்குள்ள கிடக்கிறா. நீர் இஞ்ச எப்பவோ செத்துப்போன ஜேர்மன்காரருக்காகச் சண்டை பிடிக்கிறீர்."

"அவையைச் சுட்டவங்களுக்காக நான் மட்டை வெட்டேலாது."

"நீர் வெட்டாட்டி ஆரோ வெட்டுவினம்."

"வெட்டியாச்சு. வெட்டினது நான் இல்லை, அது காணும்."

அது போதாது என்று எனக்கே தெரிந்தது. கண்காட்சி திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, என் ஓய்வு நாளில், நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, மற்றவர்களைப் போலவே முன்வாசலால் உள்ளே போனேன். அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றேன்.

விரிப்பின் ஓரத்தில், மட்டைக்கு மேலே, விரல் நுனிகள் தெரிந்தன.

மார்கித் அளவைத் தவறவிட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. அந்த மனுசிக்கு அளவு பிழைக்குமா? இயக்குநர் தந்த அளவுக்குக் கீழே ஒரு நெல்மணி அகலம் விட்டு வெட்டியிருக்கிறார். தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிட்டப் போனால், சாப்பிடுகிறவர்களின் வெள்ளை விரிப்பைக் கீழேயிருந்து யாரோ பிடித்திருப்பது தெரியும். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது யாருடைய விரல்?" என்று மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். என் நொண்டி ஆங்கிலத்தில், மட்டையைத் தொடாமல் அதற்கு நேரே கையைப் பிடித்து, "இதுக்குக் கீழே ஆட்கள் கிடக்கிறார்கள். அரசாங்கம் சுட்ட ஆட்கள். மூடியிருக்கிறார்கள்" என்றேன். அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நேரே வாசலில் இருந்த விசாரிக்கும் மேசைக்குப் போனார்.

அந்த மண்டபத்தின் காவலாளி சிவம் அண்ணை. எங்கள் ஆள், மில்லிக்கனில் வீடு. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர், இங்கே நீலக் கோட்டுப் போட்டு நின்றார். ஓடி வந்தார்.

"தங்கச்சி, என்ன செய்யிறீர்? சனத்தைக் குழப்பாதேயும்."

"நான் ஒண்டும் தொடேல்லை அண்ணை. கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன்."

"மேல இருந்து கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

"ராஜி சொல்லுறாள் எண்டு சொல்லுங்கோ. பேரை மறைக்க வேண்டாம்."

"உது எங்கட நாட்டுப் பிரச்சினை இல்லையடி பிள்ளை."

"அண்ணை, உங்கட ஊர்ச் சந்தியில ஆரும் கிடக்கேல்லையோ?"

அவர் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் போய் நின்றார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மேலே ஏறினேன். எங்கள் அடுக்குமாடியிலிருந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களில் காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் பெண் பரீதாவும் ஒருத்தி. அவள் என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசுவாள், என்னைவிடச் சத்தமாகவும் பேசுவாள். கேட்கிற ஆட்கள் கூடக் கூட விசாரிக்கும் மேசையில் இருந்த பெண்ணுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. பேப்பரில் ஒருவர் அந்த விரல்களைப் பற்றிக் கிண்டலாக நாலு வரி எழுதினார். மட்டைக்கு அடியில் என்ன என்று கலைக்கூடம் சொல்லுமா என்று கேட்டிருந்தார்.

இயக்குநர் எங்கள் இருவரையும் மேலே கூப்பிட்டார். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது, முகம்தான் சிவந்திருந்தது. முதலில் மார்கித்தைக் கேட்டார்.

"இந்த விரல்கள் எப்படி வெளியே வந்தன?"

"பிழைத்துவிட்டது. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது" என்றார் மார்கித். சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் அவருடைய மேசையில் விரித்து வைத்தார். அவை அசையவில்லை. இயக்குநர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

"திரும்ப வெட்டித் தருகிறேன்" என்றார் மார்கித். "அளவைச் சொல்லுங்கள். சுடப்பட்டவர்களை எதற்காக மூடுகிறோம் என்பதையும் சொல்லுங்கள், அந்தப் பேப்பர்க்காரர் என்னிடமும் கேட்டார்."

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். பார்வையாளர்களிடம் பேசுவது நானா என்று கேட்டார். நான்தான் என்றேன். நிறுத்த முடியுமா என்றார். மட்டையை எடுத்தால் நிறுத்துகிறேன் என்றேன். வேலை போய்விடும் என்று பயந்தது உண்மை. அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது உண்மை. ஆனால் அந்த அம்மாதான் பேப்பரின் அடிக்கோட்டைத் தடவியவர். அவரைக் கூப்பிடுவதற்காகவே இன்னொரு படத்தின் கீழ்ப்பாதியை மூடச் சம்மதிப்பதா?

நாலைந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அளவு வந்தது, முழுத் தாளுக்கும். மார்கித் அதை என் பக்கம் தள்ளினார். "இது உன்னுடையது." நான் மட்டையை எடுத்துக்கொண்டே, "தெரிந்துதானே விட்டீர்கள்?" என்று கேட்டேன். "பிளேட்டை மாற்று, அது மழுங்கிப்போச்சு" என்றார். அவ்வளவுதான். என் வாழ்நாளில் அவ்வளவு நேரான ஜன்னலை நான் வெட்டியதில்லை.

அதற்கான விலையையும் கட்டினேன். வேலையை நிரந்தரமாக்குவது ஒரு வருடம் தள்ளிப்போனது, காரணம் யாரும் சொல்லவில்லை. அதனால் அம்மா வருவதும் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடமும் ஊரில் செல் விழுந்தது என்று கேட்கும்போதெல்லாம் நான் செத்துப் பிழைத்தேன். வந்து இறங்கியபிறகு ஏன் இவ்வளவு சுணக்கம் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "அப்ப சரி" என்றார் அம்மா. பிறகு தேத்தண்ணி கேட்டார். அந்த "அப்ப சரி" எனக்குக் காணும், வேறு யாருடைய நற்சான்றும் எனக்குத் தேவையில்லை.

புது மட்டை போட்ட படம் சுவருக்குப் போன மறுநாள் மதியம் மேலே ஏறினேன். சிவம் அண்ணை அதற்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சுவருக்கு அவர் முதுகு காட்டி நிற்பதுதான் முறை. அன்றைக்கு மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, கவனிச்சனீரோ?" என்றார். "மேல இருந்து தின்னுறவங்களுக்கு எல்லாம் ஒரே மூஞ்சை. கீழ கிடக்கிறவைக்கு ஒவ்வொராளுக்கும் வேற வேற முகம் வைச்சிருக்கிறான். மினக்கெட்டுக் கீறியிருக்கிறான்."

நான் அந்தத் தாளைக் கையில் தூக்கி, முதுகில் பசை தடவி, அங்குலம் அங்குலமாக அளந்தவள். எனக்கு அது தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு கிழவி, மூக்குடைந்த ஒருவன், மீசை அரும்பும் வயதில் ஒரு பெடியன். ஒருவருடைய முகம் மற்றவருடையதில்லை.

அந்த நேரம் பாடசாலைப் பிள்ளைகளின் வரிசை ஒன்று உள்ளே வந்தது. ஆசிரியை படத்தைக் கண்டதும் தயங்கி, பிள்ளைகளை அடுத்த சுவருக்குத் திருப்பப் பார்த்தார். ஒரு சின்னப் பெட்டை வரிசையை விட்டு விலகி வந்து, சனம் கிட்டப் போகாமல் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, கீழே இருப்பவர்கள் நித்திரையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சிவம் அண்ணைக்கு அங்கே இருந்த ஒரே வேலை ஆட்களைப் பின்னுக்குப் போகச் சொல்வது. எத்தனை வருடமாக அந்த ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டு நின்றிருப்பாரோ தெரியாது. அவர் குனிந்து, "நித்திரையில்லை, சுட்டுப்போட்டார்கள்" என்று அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு நிமிர்ந்து, மற்றப் பிள்ளைகளையும் பார்த்து, கயிற்றை ஒரு கையால் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கிட்ட வாருங்கள். இன்னும் கிட்ட."